மாரிமுத்து மேல் நான் போட்ட பழி

மகனே,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவள் செல்லம்மா. நம் அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் எழுத்துக் கோர்த்த மாரிமுத்துவின் மனைவி. சயாமில் தன் புருஷன் எப்படிச் செத்தான் என்று உன்னிடம் கேட்பதற்காகவே சுங்கை பட்டாணியிலிருந்து பெண்டாங் வரைக்கும் வருகிறாள். அவளை வாசலில் நிற்க வைக்காதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வை. தங்கச்சி கமலத்திடம் சொல்லி ஏதாவது குடிக்கக் கொடு. பிறகு தனியாகப் போய் இதை முழுக்க வாசி. வாசித்து முடிக்கும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசாதே. உனக்குக் கட்டளை போட்டே பழகிய வாய் இது. இதைக் கடைசிக் கட்டளை என்று வைத்துக்கொள்.

நீ சயாமிலிருந்து திரும்பி எட்டு மாசம் ஆகிறது. கால் புண் ஆறுவதற்குள்ளேயே தங்கச்சி வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாய். உன் அம்மா அழுதாள். உண்மையைச் சொன்னால், நீ கண்ணெதிரே இல்லாதது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளை உயிரோடு வந்து சேர்ந்ததற்குக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, அவன் வீட்டை விட்டுப் போனதும் பெருமூச்சு விட்டவன் நான். அதற்குப் பிறகு இரண்டு முறை உன்னிடம் வந்து சொல்லிவிடுவது என்று லாரி ஏறினேன். ஒருமுறை குரூண் வரைக்கும் வந்தேன். அங்கே இறங்கி, எதிரே வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தித் திரும்பிவிட்டேன். ஊரெல்லாம் கேட்க இரைந்து பேசுகிற மனுஷனுக்கு, சொந்த மகனிடம் பேச நாக்கு எழவில்லை.

எனக்குப் பட்டம் என்றால் பைத்தியம். இதை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க யார் வந்தாலும், மாமன் பேரென்ன, சித்தப்பன் பேரென்ன என்பதோடு விடமாட்டேன். ஆளுக்கு என்ன வேலை என்று துருவித் துருவிக் கேட்டு, அதைப் பேருக்கு முன்னால் தடித்த எழுத்தில் போட்டால்தான் எனக்கு மனசு ஆறும். பாடாங் மேஹா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவருக்கு ‘போக்குவரத்து மேற்பார்வை’ என்று போட்டுக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அவர் அதை இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து போனார். நீயும் மாரிமுத்துவும் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். “சிரிங்கடா, சிரிங்க. பேருக்கு முன்னால ஒண்ணும் இல்லாதவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்” என்று கத்தினேன்.

நான் பதினைந்து வயதில் கப்பலேறி வந்து செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவன். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏய்’ என்பார்கள், இல்லையென்றால் என் நம்பரைச் சொல்வார்கள். பினாங்கில் ஒரு அச்சுக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, எழுத்துக் கோர்க்கக் கற்றுக்கொண்டு, சுங்கை பட்டாணியில் சொந்தமாக ஒரு மெஷின் போட்ட பிறகும் நான் வெறும் ‘அச்சுக்கடைக்காரன்’தான். நீ இங்கிலீஷ் பள்ளியில் கணக்கில் முதலாக வந்தபோது, என் பேருக்கு முன்னால் வராதது உன் பேருக்கு முன்னால் வரட்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். நீ என்னவாக வேண்டும் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஆனால் நீயாகவே சொன்னாய். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின தீபாவளிக்கு வந்திருந்தாய். கோலாலம்பூரில் உன் இன்ஜினியரிங் படிப்பு முடிய இன்னும் எட்டு மாசம்தான் பாக்கி. கடையில் வந்து உட்கார்ந்து, மாரிமுத்து கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே பேசினாய். “படிச்சு முடிச்சா என்னடா உத்தியோகம்?” என்று கேட்டேன். நீ சாவகாசமாகச் சொன்னாய்: “டெக்னிக்கல் அசிஸ்டென்ட்பா. வாய்க்கால் இலாகாவுல கேட்டிருக்கேன். பெண்டாங் பக்கம் போட்டாங்கன்னா நல்லா இருக்கும். அங்க வயலுக்குத் தண்ணி ஒழுங்கா வர்றதில்ல. நாலு மதகு சரியா வெச்சா ரெண்டு போகம் எடுக்கலாம்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அசிஸ்டென்டா? அப்ப இன்ஜினியர் யாருடா?” என்றேன். “வெள்ளைக்காரன்தான்பா. கையெழுத்து அவன் போடுவான். அளக்குறது, வரையுறது, சேத்துல நிக்கிறதெல்லாம் நாங்க. எங்க வகுப்புல எல்லாருக்கும் அதேதான். ஒருத்தன் ரயில்வேங்குறான், ஒருத்தன் மின்சாரங்குறான். அசிஸ்டென்ட்ட தாண்டி யாருக்கும் குடுக்கமாட்டான்லா.” நீ அதை ஒரு குறையாகவே சொல்லவில்லை. மதகைப் பற்றிப் பேசும்போது உன் முகத்தில் அப்படி ஒரு களை. நான் அதைப் பார்த்தேனா? “சேத்துல நிக்கவா உன்னப் படிக்க வெச்சேன்?” என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே போனேன். ஊரில் அதற்குள் ‘என் மகன் இன்ஜினியருக்குப் படிக்கிறான்’ என்று சொல்லி முடித்திருந்தேன். அன்றைக்குப் பிறகு வீம்புக்காகவே ‘படிக்கிறான்’ என்பதை விட்டுவிட்டு ‘இன்ஜினியர்’ என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டு மாசத்தில் சண்டை வந்தது. உன் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். சைக்கிளை மிதித்து ஊர் ஊராகத் தங்கி நீ வந்து சேர்ந்தபோது உன்னை அடையாளம் தெரியவில்லை. இன்னும் ஆறு மாசம் இருந்திருந்தால் பரீட்சை எழுதியிருப்பாய். உன்னோடு படித்த பையன்களில் ஈப்போக்காரன் மரவள்ளிக்கிழங்கு அப்பம் சுட்டு விற்கிறான் என்றும், மின்சாரம் படித்தவன் அலோர் ஸ்டாரில் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறான் என்றும் சொல்லிச் சிரித்தாய். நீ மட்டும் சும்மா இருக்கவில்லை. பெண்டாங்கில் கம்போங், அதாவது மலாய்க் கிராமத்து ஆட்களோடு சேர்ந்து ஒரு பழைய மரமதகைச் சரிசெய்யப் போனாய். அங்கேதான் கமலத்துக்கு மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்தாய். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம் அது. ஒரே மாசத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது பொய்.

கமலத்தின் கல்யாணப் பத்திரிகையில், பெண்ணின் அண்ணன் என்று உன் பேரைப் போட்ட இடத்தில் ‘இன்ஜினியர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மாரிமுத்து கோர்த்தான். முதல் பிரதியை நீ பார்த்துவிட்டு, அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்து, மேலே ‘மாணவர்’ என்று எழுதினாய். “அண்ணே, அப்பா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. பரீட்ச எழுதாதவனுக்கு எதுக்கு இந்தப் பேரு” என்று அவனிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு அரிசிக்காகப் பெண்டாங் போனாய். நீ சொன்னபடியே மாரிமுத்து மாற்றிவிட்டான். அவன் உன் சொல்லைத் தட்டியதே இல்லை.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் அச்சடிப்பதானாலும் முதல் பிரதியை அவன் ஆபீஸில் கொடுத்துச் சிவப்பு முத்திரைச் சாப்பு குத்தி வாங்க வேண்டும். ஒரு பிரதியை அவர்களே வைத்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் மாரிமுத்து வருவதற்கு முன்னால் நான் கடையைத் திறந்தேன். எழுத்துக் கோர்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, ‘மாணவர்’ என்பதை எடுத்துப் போட்டுவிட்டு ‘இன்ஜினியர்’ என்று நானே கோர்த்தேன். என் கையாலேயே ஒரு பிரதி எடுத்தேன். அதையே ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சாப்பும் குத்தி வந்தேன். மாரிமுத்து மெஷினில் ஏற்றும்போது கவனித்துவிட்டான். “மொதலாளி, இத தம்பி அடிச்சிட்டுப் போயிருக்காருங்க” என்றான். “சாப்பு குத்தியாச்சு. இனி ஒரு புள்ளிய மாத்தினாலும் ஜப்பான்காரன் உள்ள தூக்கி வெச்சிருவான். ஓட்டுடா” என்றேன். அவன் ஓட்டினான்.

நீ திரும்பி வருவதற்குள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பத்திரிகை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நீ ஒன்றை எடுத்துப் பார்த்தாய். முகம் சிவந்துபோய், “யாருப்பா இது?” என்று கேட்டாய். அந்த நேரத்தில் ‘நான்தான்டா, என்ன பண்ணப்போறே’ என்று நான் என் வழக்கப்படி கத்தியிருந்தால் போதும். சண்டை போட்டிருப்போம், நாலு நாள் பேசாமல் இருந்திருப்போம், அத்தோடு போயிருக்கும். கடைக்கு வந்திருந்த சம்பந்தி ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். “மாரிமுத்து மறந்து தொலைச்சிட்டான்” என்றேன். மை பூசிய கையோடு அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு உன்னிடம், “ஆமாங்க தம்பி. தப்பு என்னோடதுதான்” என்றான். வாய் கூசாமல் நான் சொன்ன பொய்யை, வாய் கூசிக்கொண்டே அவன் ஏற்றுக்கொண்டான்.

ஒரு வருஷம் கழித்து ஒரு ஜப்பான் அதிகாரி கடைக்கு வந்தான். கையில் அதே பத்திரிகை, ஆபீஸில் கொடுத்த பிரதி. கூட மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழர். நீ பெண்டாங்கில் மதகு வேலையில் இருந்தாய். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இந்த இன்ஜினியர் யார் என்று கேட்டார்கள். அந்தத் தமிழர் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தி, “அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்ஜினியரா, இல்ல படிக்கிற பையனா? படிக்கிற பையன்னா இவங்க போயிருவாங்க” என்றார். இதைவிட ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்? சாமியே வந்து காதில் ஓதியிருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருக்கும். நான் வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் நான் அடித்த ஜம்பம் அத்தனையும் ஞாபகம் வந்தது. “அச்சுல போட்டிருக்கே, பாக்கலியா? இன்ஜினியர்தான். என் மகன்தான்” என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மகனே. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெள்ளைக்காரன் தராத பதவியை இவன் வீடு தேடி வந்து தருகிறான் என்று நினைத்தேன். அந்த அதிகாரிக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

இரண்டு நாளில் உன்னை, ஜப்பான்காரன் சயாம் காட்டில் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கூட்டிப்போனார்கள். நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு கடைப்பக்கம் வந்து மாரிமுத்துவிடம், “நீங்க ஒரு வார்த்தைய மாத்த மறந்ததுக்கு என்ன எங்க கொண்டுபோறான் பாருங்கண்ணே” என்றாய். அவன் என்னைப் பார்த்தான். நான் மெஷினுக்கு எண்ணெய் விடக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் அவன் முகத்தில் விழிக்க என்னால் முடியவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காதவனை என்ன செய்வது? ஒரு மாசம் கழித்து, “காகிதமே வர்றதில்ல, இனி வேலையில்ல மாரிமுத்து” என்று சொல்லி நிறுத்திவிட்டேன். காகிதம் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது. வேலை வெட்டி இல்லாதவர்களை ஜப்பான்காரன் சயாமுக்கென்று தேடித் தேடி லாரியில் ஏற்றிய சமயம் அது. பாசார் பக்கம் கீரை வாங்கப் போனவனைப் பிடித்துவிட்டார்கள். செல்லம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “மொதலாளி, நம்ம கடை ஆளுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. வேலையிருக்குன்னா விட்டுருவாங்களாம்” என்று கும்பிட்டாள். எழுதியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஆபீஸ் வாசலில் மறுபடி நிற்கப் பயந்தேன். அங்கே அவனை உட்கார்த்தி வைத்து அந்தப் பத்திரிகையை நீட்டி ஏதாவது கேட்டால், ‘இன்ஜினியர்’ என்று யார் கோர்த்தது என்ற பேச்சு வந்து என் பொய் வெளியாகுமோ என்றும் பயந்தேன். “நாளைக்குக் காலையில நானே போறேன்மா” என்று அனுப்பிவிட்டேன். காலையில் கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் போய்விட்டது.

நீ திரும்பி வந்த பிறகு, உன் அம்மா காலுக்கு மருந்து வைத்துக் கட்டும்போது ஒரே ஒரு முறை அங்கே நடந்ததைச் சொன்னாய். அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. உனக்கே இப்போது திருப்பி எழுதுகிறேன், மன்னித்துக்கொள். “மாரிமுத்து அண்ணனும் அங்க வந்தாருப்பா. மண்ணு வெட்டுற கூட்டத்துல. என்னைப் பாத்ததும் சிரிச்சிக்கிட்டே ‘தம்பி’ன்னு கிட்ட வந்தாரு. நான் அளவுகோல எடுத்துக்கிட்டு வேற பக்கம் போயிட்டேன். சமையக்கட்டுக்கு நாலு ஆளு நான் எழுதிக் குடுக்கலாம், இன்ஜினியர்ங்கிறதால. மழையில மண்ணு வெட்டாம பொழைச்சுக்கலாம். அவரு பேர நான் எழுதல. இவராலதானே வந்தோம்னு ஒரு வெறுப்பு. அப்புறம் காலரா வந்துச்சு. அவர எரிச்சதுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும்.” பிறகு, “செத்துப்போனவரு மேல இனி என்ன கோவம். நான் மன்னிச்சிட்டேன்பா. இருக்கும்போதே ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றாய்.

நீ அவனை மன்னித்ததாகச் சொன்னபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். எந்தத் தப்பும் செய்யாதவனை நீ மன்னித்தாய். தப்பு செய்தவன் உனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னை வெறுப்பாய் என்பது மட்டும் இல்லை பயம். ஒரு பாவமும் அறியாதவனிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று உனக்குத் தெரிந்தால் நீ எப்படித் தாங்குவாய் என்றும் பயந்தேன். உன் நன்மைக்காக மறைக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் நன்மைக்காக என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் செய்தேன். இன்ஜினியர் என்று போட்டதும் உன் நன்மைக்குத்தான்.

போன திங்கட்கிழமை செல்லம்மா கடைக்கு வந்தாள். நம் கெடாவை ஜப்பான்காரன் சயாம்காரனிடம் கொடுத்த பிறகு லாரிக்காரர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, பெண்டாங் போகும் கிழங்கு லாரியில் இடம் கிடைத்திருக்கிறது, தம்பியைப் பார்த்து விசாரித்துவிட்டு வருகிறேன் என்றாள். இப்போது எதற்கு என்று தடுத்துப் பார்த்தேன். அப்போது சொன்னாள்: “லாரியில ஏத்தறப்ப அவரு அழுவலைங்க. என்னத்தான் தேத்தினாரு. ‘பயப்படாத புள்ள, அங்க தம்பி இருக்காரு. மொதலாளி இதுக்குள்ள தம்பிக்கு உண்மைய எழுதியிருப்பாரு. பெத்த புள்ளகிட்ட எத்தன நாள்தான் மறைப்பாரு? தம்பி என்னப் பாத்துக்குவாரு’ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அந்தத் தைரியத்துலதாங்க நானும் இருந்தேன். கடைசியில தம்பி கையால ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சிருப்பாருல்ல?”

“என்ன உண்மைம்மா? உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியுங்க. பத்திரிகை அச்சடிச்ச அன்னிக்கே சொல்லிட்டாரு” என்றாள். அப்படியானால் அன்றைக்குக் கடுதாசி கேட்டு வந்து என் முன்னால் கும்பிட்டு நின்றபோதும் அவளுக்குத் தெரியும். நான் நாளைக்குப் போகிறேன் என்றபோதும் தெரியும். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லையே என்று கேட்டேன். “யாருகிட்டயும் பேசாதன்னு சொல்லிட்டாருங்க. மொதலாளியே சொல்லட்டும்னாரு” என்றாள்.

இப்போது புரிகிறதா உனக்கு? நீ அளவுகோலை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனபோது, நான் இன்னும் உன்னிடம் சொல்லவில்லை என்று மாரிமுத்துவுக்குத் தெரிந்திருக்கும். ‘தம்பி, அது நான் இல்ல, உங்க அப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் சமையல்கட்டுக்குப் போயிருப்பான். சொல்லவில்லை. மழையில் மண் வெட்டினான். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தானோ, பெற்றவனைப் பிள்ளையிடம் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லையோ, எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த கிழங்கை இறக்கி வைத்துவிட்டு, “மொதல்ல அவனுக்கு எழுதுங்க. அப்புறம் என்கூடப் பேசுங்க” என்றாள்.

சண்டை என்றைக்காவது முடியும். உன் பள்ளிக்கூடம் திறப்பார்கள். பாக்கி ஆறு மாசத்தைப் படிப்பதும் படிக்காமல் இருப்பதும் உன் இஷ்டம். அசிஸ்டென்டாக இரு, சேற்றில் நில், கம்போங் ஆட்களோடு சேர்ந்து மதகுக்குப் பலகை அடி. எதற்கும் என்னிடம் கேட்க வேண்டாம், எனக்குச் சொல்லவும் வேண்டாம். நீ எதற்காகப் படித்தாயோ அந்த வேலையை யாரும் சொல்லாமலேயே நீ அங்கே செய்துகொண்டுதான் இருந்தாய். நான்தான் அங்கிருந்து உன்னைப் பிடுங்கி அனுப்பினேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். அவர்கள் என்ன ஆகப்போகிறோம் என்று உன்னிடம் சொல்ல வரும்போது, கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேள். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

சயாமில் நீ செய்ததற்கு நான்தான் காரணம் என்று ஆயிரம் முறை எழுதலாம். அது உண்மைதான். ஆனால் அப்படி எழுதி உன் பாரத்தை என்னால் இறக்கி வைக்க முடியாது என்பதும் தெரிகிறது. எந்தத் தகப்பனும் மகனுக்கு இப்படி ஒன்றைக் கொடுத்திருக்கமாட்டான்.

செல்லம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா என்ன எழுதியிருக்கிறார், படிங்க தம்பி என்று கேட்பாள். கேட்காவிட்டாலும் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டு. நான் செய்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். அவனை வேலையை விட்டு நிறுத்தியதற்கும் கடுதாசி எழுதித் தராமல் இழுத்தடித்ததற்கும் என் மனசில் இருந்த காரணம் மட்டும் தெரியாது, அதையும் விடாமல் வாசி. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இடமும் இதில் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாய் என்று நம்பித்தான் லாரி ஏறுகிறாள். அந்த இடத்தைத் தாண்டி வாசித்தால் அவளால் கண்டுபிடிக்க முடியாது. நிம்மதியாகத் திரும்பி வருவாள். அப்படிச் செய் என்று சொல்லவும், செய்யாதே என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. தாண்டிப் போனவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு முறை தாண்டினால், அவளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தாண்ட வேண்டியிருக்கும். அவள் நல்லவளாக இருக்க இருக்க அது கஷ்டமாகும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவள் கட்டாயம் ஒன்று கேட்பாள், ‘தம்பி, கடைசியில் அவரோடு பேசினீர்களா’ என்று. அவளுக்குப் பதில் சொல்.

அப்பா